பூ என்றால் நண்டு

கடல் தாண்டிப் போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் உத்திரமேரூர் கிளை நூலகத்தில் எடுத்து நிறையப் படித்திருக்கிறேன். அவர்கள் புறப்பட்ட ஊர் ஒன்று, போய்ச் சேர்ந்த ஊர் வேறொன்று. என் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் பிறந்து வளர்ந்த ஜில்லாவுக்கே ஒரு வெளிநாட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய் வந்தேன். அவர் எங்கே வாய் பிளந்து நின்றாரோ, அங்கே நானும் நிற்க வேண்டியதாயிற்று. அப்படி நின்று பார்த்தபோது எனக்கும் அது வெளிநாடாகவே தெரிந்தது. ஆகவே இதையும் பயணக் கட்டுரை என்றே எழுதுகிறேன்.

அவர் பெயர் சோம்சாய். தாய்லாந்தின் வடகிழக்கே, நெல் விளைகிற ஒரு வறண்ட மாகாணத்துக்காரர். அங்கே விவசாய இலாகாவில் வேலை. மெட்ராஸில் நான் தற்காலிகக் குமாஸ்தாவாக இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு, பாசனம் பற்றிப் படிக்க வந்த வெளிநாட்டார் கூட்டத்தில் ஒருவர். படிப்பு முடிந்து, ஊர் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. மற்றவர்கள் மகாபலிபுரம் போனார்கள். இவர் மட்டும் என் மேஜைக்கு எதிரே வந்து நின்று, “உங்கள் ஊரில் ஏரி இருக்கிறது என்று சொன்னீர்களே, காட்டுவீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே உயரம். அதனால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவே இல்லை.

இந்தச் செய்தியைப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“நம்ம வூட்டுக்கு இட்டுனு வருவியாடா?”

“வருவாரும்மா.”

“வருவாருன்னா? முன்சீப் வூட்டு வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்களே. ஊசி போட வர்றவன், கணக்கெடுக்க வர்றவன், கன்னு குடுக்க வர்றவன், எல்லாம் மேல்தெருவுல துன்னுட்டு, தெரு முனையில நின்னு நம்மள எட்டிப் பார்த்துட்டுப் போயிடறான். ஒர்த்தனாவது இந்த வூட்ல குந்தி ஒரு வாய் சோறு துன்னு நான் பார்த்ததில்ல. நீ படிச்சு இன்னா பிரயோஜனம்?”

எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். எந்த ஆபீசர் வந்தாலும் கிராம முன்சீப் வீட்டில்தான் இலை. நாங்கள் இருக்கும் காலனிக்குள் யாரும் கை நனைத்தது கிடையாது. யாரும் தடுத்ததாகவும் சொல்ல முடியாது. கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை, வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். அம்மாவின் கேள்வி எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. “இட்டுனு வரேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் காஞ்சிபுரம். காலையில் இட்லிக் கடை. மிளகும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லியைத் துண்டு போட்டு வைத்தார்கள். சோம்சாய் ஒரு துண்டை வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, “இது சாமி சாப்பிடுவதா?” என்று கேட்டார். “ஆமாம்” என்றேன். “உங்கள் சாமிக்குக் காரம் பிடிக்கும் போலிருக்கிறது. நல்ல சாமி” என்றார். பிறகு சர்வரிடம் பச்சைமிளகாய் கேட்டு வாங்கி, உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டார். சர்வர் சமையல்காரரைக் கூட்டிவந்து அந்தக் காட்சியைக் காட்டினார்.

சாப்பிட்டுவிட்டுக் கோயில் பக்கம் நடந்தோம். சன்னிதித் தெருவில் வரிசையாகப் பூக்கடைகள். கார்த்திகை மாதம் என்பதால் சாமந்தியும் கதம்பமும்தான் அதிகம். ஒரு அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே, “பூ! பூ! வாங்கிக்கோ நைனா, பூ!” என்று கூவிக்கொண்டு வந்தார். சோம்சாய் சட்டென்று திரும்பி நின்றார். முகமெல்லாம் ஆசை. கூடைக்குள் குனிந்து பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

“என்ன தேடுகிறீர்கள்?”

“அவர் பூ என்றாரே! எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு கை விரல்களையும் கத்தரிக்கோல் மாதிரி விரித்து மூடி, பக்கவாட்டில் இரண்டடி நடந்து காட்டினார்.

அவர் பாஷையில் பூ என்றால் நண்டாம். நாம் சொல்கிற அதே பூ. ஒரு இம்மி கூட மாறவில்லை. நான் சிரித்த சிரிப்பில் பூக்காரம்மாள் கூடையை இறக்கிவிட்டார்.

“இன்னா நைனா சொல்றாரு அந்த ஆளு?”

“அவங்க ஊர்ல பூன்னா நண்டாம்மா.”

“அடப் பாவமே! அப்போ அந்த ஊர்ப் பொம்பளைங்க தலையில நண்டையா வெச்சிக்கினு கீறாளுங்க?”

அடுத்த கடைக்காரி, “அதான் அந்த ஊர்ல பேனே இருக்காது, எல்லாத்தையும் அது துன்னுடும்” என்றாள். தெருவே சிரித்தது. நான் மொழிபெயர்த்ததும் சோம்சாய் அந்தத் தெருவிலேயே அதிகமாகச் சிரித்தார். ஒரு முழம் கதம்பம் வாங்கி, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாலை வரை திரிந்தார்.

அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு. கல்லூரியில் மொழியியல் பாடத்தில், உறவில்லாத இரண்டு மொழிகளில் ஒரே ஒலியுள்ள சொல் இருந்தால் அது தற்செயல்தான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் ஒரு மனிதர் பூ என்ற சத்தத்தைக் கேட்டு நாக்கில் எச்சில் ஊறி நின்றதைப் பார்த்தது இதுவே முதல் தடவை. எங்கள் காலனியிலேயே ஏழுமலைகள் நான்கு பேர். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிற ஏழுமலை, மேளம் ஏழுமலை, நெட்டை ஏழுமலை, படிச்ச ஏழுமலை என்கிற நான். ஒருவருக்கொருவர் சொந்தம் கூட இல்லை. குழந்தைகள் அதிகம், பெயர்கள் கொஞ்சம், வேறென்ன செய்வது? வாயைக் குவித்து ஊதினால் வருகிற சத்தங்களும் உலகத்தில் கொஞ்சம்தான் போலிருக்கிறது. பெயர் வைக்க வேண்டிய பொருள்களோ ஏராளம். ஒருவன் பூவுக்கு வைத்தான், இன்னொருவன் நண்டுக்கு வைத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் தாமல் ஏரி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரம்தான். ஆனால் எங்கள் பஸ் அதைப் பெரிய தூரமாக்கிவிட்டது. பாதி வழியில் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்ப, டிரைவர் ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தார். “எவ்ளோ நேரமாவும்ணே?” என்று ஒருவர் கேட்டதற்கு, “தண்ணி குடிச்சுட்டு அதுவா எழுந்தா போலாம்” என்றார் டிரைவர். சோம்சாய்க்குக் கோபமே வரவில்லை. அவர் ஊர் பஸ்ஸும் இப்படித்தானாம். ஒரே வித்தியாசம், அங்கே கூரையில் பன்றி இருக்கும், இங்கே ஆடு இருக்கிறது.

சாலையோரத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் வயதான ஒரு பாய். உள்ளே அவர் வீட்டம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பாய் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு உருதுவில் என்னவோ சொன்னார். அதில் பூ என்ற சொல் என் காதில் பளிச்சென்று விழுந்தது. முந்தின நாளிலிருந்து என் காது அதற்காகவே திறந்திருந்தது.

“பாய், இப்போ பூன்னு சொன்னீங்களே, இன்னா அது?”

“பால்ல பூ வருதுன்னேன் தம்பி.”

“பால்ல எப்படி பூ வரும்?”

“உங்க பூ இல்லப்பா. எங்க பாஷையில வாசனை. நல்ல வாசனை வந்தா குஷ்பூ. கெட்டது வந்தா பத்பூ. வெறும் பூன்னா…” பாய் கொஞ்சம் யோசித்தார். “வெறும் பூன்னா பெரும்பாலும் நாத்தம்தான்.”

உள்ளேயிருந்து வீட்டம்மாள், “பால் நல்லாத்தான் கீது. அவரு மீசையில ஒட்டிக்கினு கீற நேத்துப் பாலு நாறுது” என்று நல்ல தமிழில் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்க, பாய் மீசையைத் துடைத்துக்கொண்டே எங்களுக்கு டீ ஆற்றினார். உருதுக்காரர்கள் அந்த எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள் என்பது உண்மை. தமிழில் எழுதும்போது எல்லாம் ஒரே ‘ப’தான்.

பஸ் எழுந்து தாமலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கரைமேல் ஏறியதும் சோம்சாய் வாய் பிளந்து நின்றுவிட்டார். மழை நன்றாகப் பெய்த வருஷம். அலையடித்துக்கொண்டு கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நான் எத்தனையோ தடவை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துத் தூங்கிப்போன ஏரி. அவர் கரைமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

“இதை வெட்டியது யார்? அரசாங்கமா?”

“ராஜா காலத்து ஏரி என்பார்கள். வெட்டியது எங்களைப் போன்ற கூலிக்காரர்களாகத்தான் இருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். “எங்கள் மாகாணத்தில் ஆகாயத்தைப் பார்த்து நடுவோம். மழை ஏமாற்றினால் ஆட்கள் பாங்காக்குக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார்கள். என் அண்ணன் அப்படிப் போனவன்தான்.”

மடைக்குப் பக்கத்தில் வரப்பு அணைத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி, எங்களைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். சோம்சாய் கேட்கச் சொன்னதை நான் கேட்டேன். “இந்த ஏரித் தண்ணியில எத்தினி போகம் வரும்ங்க?”

“ஏரி இப்படி ரொம்பி நின்னா ரெண்டு பூ. இல்லாங்காட்டி ஒரு பூ. என் கல்யாணம் ஆன வருசம் மூணு பூ எடுத்தோம். அதுக்கப்பால எங்க?”

“கல்யாணம் ஆனதாலயா?”

“இருக்கும் இருக்கும். அவ வந்த அதிர்ஷ்டம்னு அவ சொல்லிக்கினு கீறா. வந்தப்பால நின்னுபோச்சுன்னு நான் சொல்லிக்கினு கீறேன்.”

எனக்குத் தெரிந்த சொல்தான். சிறுவயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பது. விளைச்சலையும் பூ என்றுதான் சொல்கிறோம். மல்லிகையையும் பூ என்றுதான் சொல்கிறோம். அதை நான் ஒரு நாளும் நின்று கவனித்ததில்லை. சோம்சாய்க்கு விளக்கியதும் கைதட்டினார். “அறுவடைக்குப் பூ என்று பெயர் வைத்தவர்கள் நெல் பூக்கும்போது வரப்பில் நின்றவர்கள்” என்றார். பிறகு தன் பக்கத்துக் கணக்கையும் சொன்னார். அதே பூவைக் குரலைக் கீழிறக்கிச் சொன்னால் அப்பாவுடைய அப்பா. குரலை இறக்காமல் சொன்னால் நண்டு. அதே சத்தத்துக்குப் பாயை விரிப்பது என்றும் அர்த்தம் உண்டு. குரலைத் தவறாக வைத்து, “உங்கள் பூ செத்துப்போனார்” என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் யாருக்கோ இரங்கல் சொல்லப்போக, நண்டு செத்ததற்கு ஏன் இவ்வளவு துக்கம் என்று கிராமமே குழம்பியதாம். அந்தப் பாதிரியார் கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது.

மூன்றாம் நாள் உத்திரமேரூர். காலையில் கல்வெட்டுக் கோயில். குடவோலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதிகளை வெட்டி வைத்திருக்கிற சுவர். கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு பெருமையோடு எடுத்துச் சொன்னேன். சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். சோம்சாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் பெயரைக் குடத்தில் போட்டிருப்பார்களா?” என்று கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “போட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சுவருக்குக் கல் சுமந்திருப்போம்” என்றேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டே வெளியே நடந்தார்.

அங்கிருந்து எங்கள் கிராமத்துக்கு டவுன் பஸ். இறங்கும்போதே நிறுத்தத்தில் முன்சீப் வீட்டு ஆள் குடையோடு காத்துக்கொண்டிருந்தான்.

“ஏழுமல, ஆபீசரைக் கையோட இட்டாரச் சொன்னாரு அய்யா. எல போட்டு ரெடியா கீது.”

போகாமல் இருக்க முடியாது. முன்சீப்பின் வயலில்தான் என் அப்பா, அதாவது நைனா, வேலை செய்கிறார். போனோம். வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. முன்சீப் திண்ணையிலிருந்து எழுந்து சோம்சாயின் கையைக் குலுக்கி உட்காரவைத்தார். சோம்சாய் பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் தூணோரமாக நின்றபடியே, “எனக்கு இதுவே வசதி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நைனா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உதறிக்கொண்டே இருந்தார்.

“நாலு வகைக் காய், வடை, பாயசம்” என்றார் முன்சீப். “பசியோட வந்திருப்பாரு. உள்ள வரச் சொல்லு. உனக்குப் பின்னால தரச் சொல்றேன்.”

அப்படியே சொன்னேன். சோம்சாய் என்னைப் பார்த்தார்.

“நீ எங்கே சாப்பிடுவாய்?”

“வீட்டில். அம்மா சமைத்து வைத்திருக்கிறாள்.”

“உனக்கா?”

முன்சீப்புக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தினமும் பேப்பர் வாங்குகிறவர். நான் மென்று விழுங்கினேன். பிறகு, “உங்களுக்கும்” என்றேன்.

சோம்சாய் எழுந்து, இரண்டு கையையும் முகத்துக்கு நேராகக் குவித்து முன்சீப்பை வணங்கினார். ஆங்கிலத்தில் மெதுவாக நாலு வாக்கியம் பேசினார். பேசிவிட்டு, “சொல்” என்று என் பக்கம் திரும்பினார்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். “அய்யா… அவரு சொல்றாரு… உங்க மரியாதை ரொம்பப் பெருசுன்றாரு. ஆனா அவரு என்னோட வந்தவராம். எங்கம்மா சமைச்சு வெச்சிட்டு வாசலைப் பார்த்துக்கினு கீறாங்களாம். அதனால சாப்பாடு எங்க வூட்லதான்றாரு. உங்க வூட்டுக் காப்பி மட்டும் குடிக்கிறேன்றாரு.”

வைக்கோல் உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. முன்சீப் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா சின்னப்பா, உன் பொண்டாட்டி அவ்ளோ நல்லாவா சமைப்பா?”

நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “தெர்லீங்க சாமி. வெளியாளு யாரும் துன்னுட்டுச் சொன்னதில்லீங்களே” என்றார்.

முன்சீப் முகத்தில் என்ன வரப்போகிறது என்று காத்திருந்தேன். மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. “சரி போ. வயிறு அவருது. ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்க. நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.” காப்பி வந்தது. சோம்சாய் குடித்தார். எழுந்து, வணங்கி, என்னோடு நடந்தார். எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நைனாவும் வந்தார். அந்த நேரத்தில் அவர் வேலையை விட்டு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காலனியே வாசலில் நின்றது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே சாம்பிராணிப் புகை. அம்மா இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊரில் இரவல் வாங்கிய எவர்சில்வர் தட்டு. சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், சேமியாப் பாயசம். எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட இப்படிச் செய்ததில்லை.

“இன்னாம்மா இது, கல்யாண சாப்பாடு மாதிரி?”

“அவரு புத்தர் சாமி கும்புடறவராச்சே. உயிரக் கொல்லாதவங்கடா அவங்க. மேல்தெருவுல போடற மாதிரி சுத்தமா செஞ்சிக்கீறேன். நீ எதையும் ஒளறி வெக்காதே.”

சோம்சாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். நைனா மூலையில் நின்றார். அம்மா கதவோரமாக நின்றாள். வாசலில் தலை மேல் தலை. அவர் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து சிரித்து, “குட், குட்” என்றார். ஆனால் மெல்லுகிறார், மெல்லுகிறார், விழுங்க முடியவில்லை. பருப்புச் சாம்பார் அவர் நாக்குக்குப் பழக்கமில்லை என்று மெட்ராஸ் கேன்டீனில் பார்த்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சோறு குறையவே இல்லை.

அம்மா என் காதோரம் குனிந்தாள். “இன்னாடா, கோழி கொத்தற மாதிரி கொத்தறாரு. உப்பு இல்லியா? முன்சீப் வூட்டு எலைய வுட்டுட்டு வந்தவரு, இங்கயும் துன்னாம போனாருன்னா நாளைக்கு அந்தத் தெருவுல தலை காட்ட முடியுமாடா?” கண் கலங்கிவிட்டது.

சோம்சாய் பாயசத்தை மட்டும் குடித்து முடித்து, கை கழுவ எழுந்தார். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மண் தோண்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

நைனா காலையில் வாய்க்கால் வரப்பில் பிடித்த நண்டுகள். பெரும்பாலானவை குழம்புக்குப் போய்விட்டன. மிச்சம் இரண்டு தோண்டிக்குள் சுரண்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அம்மியில் மிளகும் பூண்டும் அரைத்த மிச்சம். அதற்கும் பக்கத்தில், பின்புற அடுப்பின்மேல், கூடை போட்டுக் கவிழ்த்த ஒரு சட்டி. சாம்பிராணி எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது.

“பூ நா!” என்று சோம்சாய் கத்தினார். “பூ நா!” நா என்றால் அவர் பாஷையில் நெல் வயல். வயல் நண்டு. சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அம்மா ஓடி வந்தாள். “போச்சுடா! அத்த ஏன்டா காட்டினே? அது எங்களுது இல்லன்னு சொல்லு. பக்கத்து வூட்டுக்காரியுதுன்னு சொல்லு!”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, “எனக்கெதுக்குடி பழி?” என்றாள்.

சோம்சாய் கூடையைத் தூக்கினார். குழம்பின் ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு என்னைக் கேட்டார், “இது யாருக்கு?”

“எங்களுக்கு. நாங்கள் சாப்பிடுவது.”

“அப்படியென்றால் நான் சாப்பிட்டது யாருடைய சாப்பாடு?”

இதை அம்மாவிடம் சொன்னேன். நைனாதான் சொன்னார்: “மேல்தெருவுதுன்னு சொல்லுடா.”

சோம்சாய் அங்கேயே, அடுப்புப் பக்கத்து மண்தரையில் உட்காரப் போனார். நான் உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தேன். சுடுசோறு வந்தது. அவர் ஒரு நண்டை எடுத்து, பல்லால் அதன் ஓட்டை உடைத்து, காலை உறிஞ்சி, சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். உறிஞ்சுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்துச் செடியில் பச்சைமிளகாய் ஒன்று பறித்துக் கடித்தார். வேலியோரம் நின்ற கூட்டத்தில் ஒருவன், “டேய், இவரு நம்ம ஆளுடா!” என்றான்.

தங்கள் வீட்டிலும் இப்படித்தான், உரலில் இடித்து, பப்பாளிக்காய் சீவிப் போட்டுத் தின்போம் என்றார். அண்ணன் பாங்காக்கிலிருந்து வரும்போதெல்லாம் அம்மாவிடம் முதலில் கேட்பது இதைத்தானாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, பாயைச் சுற்றிப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்தேன். நைனா உட்கார்ந்திருந்தார்.

“சமைத்தவர் எங்கே?”

அம்மா அடுப்பின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். “நீங்க துன்னுங்க. நான் அப்பால துன்றேன்” என்றாள். சொல்லத் தேவையே இல்லாத விஷயம். ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவள் சாப்பிடும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சோம்சாய் கையைத் தட்டுக்கு மேலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். “எங்கள் ஊரில் சமைத்தவர் உட்காராவிட்டால் விருந்தாளி சாப்பிட மாட்டான். குழம்பில் என்ன கலந்திருக்கிறதோ என்று பயம்.”

இதைத் தமிழில் சொன்னதும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “குந்துடி! இல்லாட்டி விஷம் வெச்சவன்னு பேரு வரும்!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். “குந்தேன். அவரு சொல்றாரு இல்ல.”

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாயின் ஓரத்தில், பாதி தரையிலும் பாதி பாயிலுமாக உட்கார்ந்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். சோம்சாய் சட்டியிலிருந்து இருந்ததிலேயே பெரிய கொடுக்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைப் பல்லுக்குக் கொடுத்து, ஒரே கடியில் உடைத்தாள். எங்கள் நான்கு பேரில் யாரும் அவ்வளவு சுத்தமாக உடைக்கவில்லை. சோம்சாய் தலையாட்டிப் பாராட்டினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் நண்டோடு சிரித்தாள்.

அதற்குப் பிறகு உறிஞ்சுகிற சத்தம் மட்டும். கொண்டுவந்த சோறு தீர்ந்தது. பழக்கதோஷத்தில் அம்மா எழப் பார்த்தாள், எழவில்லை. விரலை நக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“டேய், பார்த்துக்கினு குந்திக்கினு கீறியே. உள்ள சோறு கீது, எடுத்தாந்து போடுடா.”

நான் எழுந்து போய்ச் சோற்றுப் பானையையும் அகப்பையையும் கொண்டுவந்தேன். அதுவரை நான் யாருக்கும் பரிமாறியதில்லை. யாருக்கு முதலில் போடுவது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றேன். அம்மாவின் தட்டுதான் காலியாக இருந்தது. அதில் போட்டேன்.